எஞ்சினும் பெட்டியும்

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்தும் விடியாததுமாக எஞ்சினுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. பசி எரிச்சல் இல்லை. இரண்டு பன்னும் ஒரு டம்ளர் காபியும் ஏற்கெனவே உள்ளே போயிருந்தன. பட்டறை வாசலில் அவருடைய மனைவி, இன்னொரு ஆள் கொடுத்த சைக்கிளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தாளா, தடவிக் கொடுத்தாளா என்பதில்தான் அவருக்குச் சந்தேகம். வீட்டுச் சைக்கிளை ஒரு நாளாவது அப்படித் துடைத்திருப்பாளா? கேட்டால், "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்பாள். பதில் சொல்வதற்கு மட்டும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எஞ்சின் என்பது பட்டப்பெயர். மனிதர் வெல்டர். ஊர்க்கோடியில் பட்டறை, அதற்கு மேல் மாடியில் வீடு. அந்த வட்டாரத்தில் கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று எதைத் தொட்டாலும் பாதி அவர் பற்றவைத்ததாகத்தான் இருக்கும். வேலையில் குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு கேட்டை மாட்டிவிட்டு வந்தால், அந்த வீட்டுக்காரருக்கே சலித்துப்போகிற வரைக்கும் அந்தக் கேட்டைப் பற்றிப் பேசுவார்.

அந்த வாய்க்கு வாகாக வந்து சேர்ந்ததுதான் இரட்டைச் சைக்கிள். ஒரே மகள் படிக்க வெளியூர் விடுதிக்குப் போன வருஷம், வீடு வெறிச்சென்று கிடந்தது. டாக்டர் வேறு, "சர்க்கரை எட்டிப் பாக்குது, நடங்க, இல்லேன்னா சைக்கிள் மிதிங்க" என்று சொல்லிவிட்டார். தனியாக மிதிக்க அவருக்குப் பிடிக்கவில்லை. பேச்சுக் கேட்க ஆள் வேண்டுமே! பழைய இரும்புக் கடையிலிருந்து இரண்டு சைக்கிளை வாங்கிவந்து, அறுத்து, ஒட்டி, முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு, ஆளுக்கொரு ஜோடி மிதி என்று நீளமாக ஒன்றைச் செய்து முடித்தார். கைப்பிடி, பிரேக், மணி எல்லாம் முன் சீட்டுக்கு. பின் சீட்டுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி மட்டும்.

அதில் ஒரு நுணுக்கம் வைத்தார். ஒருவர் மிதிப்பதை நிறுத்தினாலும் இன்னொருவர் பாட்டுக்கு மிதிக்கலாம். கால் ஓய்ந்தால் மிதியின் மேல் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்துவரலாம். யாருக்காக? மனைவிக்காகத்தான். "பொம்பளை, பாவம், நாள் பூரா மெஷின்ல உக்காந்து தைக்கறவ. களைச்சா அவபாட்டுக்கு உக்காந்துட்டு வரட்டும். இழுக்க நான் இருக்கேன்ல!" இந்த வாக்கியத்தைக் கேட்காத வாடிக்கையாளர் அந்த ஊரில் கிடையாது.

அவள் பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் வேலை பார்த்தாள். கடையிலிருந்த மெஷின்களுக்கெல்லாம் மோட்டார் வந்துவிட்டது. அவள் மட்டும் கால் மிதி மெஷினை விடவில்லை. "மோட்டார் வச்சா ஊசி எம்பேச்சக் கேக்காது" என்பாள். காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பாள், மறுபடியும் உட்கார்ந்தால் கடை அடைக்கும்போது. அத்தனை நேரமும் அந்தக் கால்கள் என்ன செய்தன என்று எஞ்சின் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் ஆசை பிடித்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து கிராமத்துச் சாலைகளில் சுற்றிவருவது வழக்கம். மருந்துக்கடைக்காரர், நர்ஸம்மா, பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் இப்படி. லாரி பஸ் இல்லாத ரோடாகப் பார்த்துப் போய், ஏரிக்கரையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். திரும்பும் வழியில் ஒரு மேடு. கூட்டத்தார் அதற்கு வைத்த பெயர் நாக்குத்தள்ளி. பாதியில் இறங்கித் தள்ளாதவர் குறைவு. முதல் தடவை இரட்டைச் சைக்கிளில் வந்த இவர்கள் இறங்காமலே உச்சிக்குப் போய் நின்றபோது, மருந்துக்கடைக்காரர் கைதட்டி, "அண்ணே, நீங்க மனுஷனே இல்ல, எஞ்சின்! அக்கா பெட்டி!" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. வெல்டிங்கில் ஒட்டியதுகூட விட்டுப்போகும், இது விடவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு டீக்கடையிலும் எஞ்சின் சொல்கிற நகைச்சுவை ஒன்று உண்டு. "பின்னால இருக்கறவ மிதிக்கறாளா, இல்ல தூங்கறாளான்னு யாராவது பாத்துச் சொல்லுங்கப்பா!" எல்லாரும் சிரிப்பார்கள். மனைவியும் சிரிப்பாள். டிராயிங் மாஸ்டர் மட்டும் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு சிரிப்பார். வருஷக்கணக்காக இதே பேச்சு, இதே சிரிப்பு. எஞ்சினுக்குச் சலிக்கவே இல்லை.

போன மாதம் ஏரிக்கரையில் அவர் வழக்கம்போல அதைச் சொல்லி முடித்தபோது, மனைவி சிரிக்கவில்லை. டீயை ஊதிக்கொண்டே, "என்னங்க, நானும் ஒரு நாள் ரோட்டப் பாக்கணும்" என்றாள்.

"தினமும் பாக்கறதுதானே?"

"எங்க பாத்தேன்? இத்தனை வருஷமா உங்க சட்டையத்தான் பாத்துட்டு வர்றேன். எந்தச் சட்டைல எந்தப் பக்கம் தையல் விட்டிருக்குன்னு கேளுங்க, சொல்றேன். வழியில என்ன இருக்குன்னு கேட்டா தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு எஞ்சின் பக்கம் வரவில்லை. அதோடு போயிருந்தால் தேவலை. டிராயிங் மாஸ்டர் வாயைத் திறந்தார். "தங்கச்சி, எம்பொண்ணு கல்யாணமாகிப் போனதுலருந்து அவ சைக்கிள் வீட்டுல சும்மாதான் நிக்குது. கியர் வச்சது. அடுத்த தடவை அதுல வாங்களேன்."

தங்கச்சியாம்! வாயில் தங்கச்சி, கையில் சைக்கிள். மாஸ்டருக்குத் தலைமுடி இன்னும் கொட்டவில்லை, தொப்பையும் கிடையாது, நாலு கோடு போட்டால் குருவி பறக்கும். இந்த மூன்றையும் எஞ்சினால் ஏற்கெனவே மன்னிக்க முடியவில்லை. இப்போது நாலாவதாக இது.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டுப் பார்த்தார். அவள் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். கடைசியில், "ஓட்டிப் பாக்கறேன். பிடிச்சிருந்தா நானே ஒண்ணு வாங்கிக்குவேன். என் சம்பளத்துல" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அன்றிலிருந்து எஞ்சினுக்குத் தூக்கம் சரியில்லை. அவளுக்குப் பிடித்துவிட்டால் பின் சீட்டு காலி. பெட்டி கழன்றுபோன பிறகு எஞ்சின் யாருக்கு எஞ்சின்? யாரிடம் பேசிக்கொண்டு போவது?

இன்றைக்குக் கிளம்பும்போது மருந்துக்கடைக்காரர் நல்ல மனசோடு, "அண்ணே, எங்கிட்ட இன்னொரு சைக்கிள் இருக்கு, நீங்க அதுல வாங்க" என்று சொல்லிப் பார்த்தார். "எதுக்கு? எஞ்சினுக்குப் பெட்டி இல்லேன்னா வேகம் கூடத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, எஞ்சின் இரண்டு ஆள் சைக்கிளில் ஒற்றை ஆளாக ஏறினார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. வழியில் பார்த்தவர்கள் எல்லாம், "பின்னால இருந்த ஆளு எங்க விழுந்தாங்க?" என்று கேட்டார்கள். முதல் ஆளுக்குச் சிரித்தார். அடுத்த ஆளை முறைத்தார். அப்புறம் யார் பக்கமும் திரும்பவில்லை.

ஊரைத் தாண்டியதும் வாய்க்கால் ஓரமாகச் சாலை. இரு பக்கமும் நெட்டை மரங்கள், அதற்கப்பால் சூரியகாந்தி வயல். வழக்கமாக முதல் ஆளாகப் போகிறவர் அவர்தான். இன்றைக்கு வாய்க்கால் பாலம் வருவதற்குள் மனைவி அவரைத் தாண்டிப் போனாள். தாண்டும்போது மணியை வேறு அடித்தாள்! அடுத்து மாஸ்டர் தாண்டினார், "வாங்கண்ணே, வாங்க" என்று ஒரு உபசாரத்தோடு. இவர் வீட்டுப் பந்தியில் இவரையே சாப்பிடக் கூப்பிட்டதுபோல் இருந்தது.

இருவரும் அக்கம்பக்கமாகப் போனார்கள். சிரிப்புச் சத்தம் காற்றில் வந்தது, பேச்சு வரவில்லை. அதுதான் கொடுமை. பேச்சு கேட்டிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. என்ன பேசுகிறார்கள்? என்னைப் பற்றியா? அவ்வளவு நேரம் சிரிக்க என்னிடம் என்ன இருக்கிறது? எஞ்சின் எழுந்து நின்று மிதித்தார். நீளச் சைக்கிள் ஒரு முனகு முனகியது, வேகம் கூடவில்லை. பின் சீட்டின் மிதிகள் இரண்டும் அசையாமல் தொங்கின.

"என்னண்ணே, மெதுவா வர்றீங்க?" என்று நர்ஸம்மாவும் தாண்டினார்.

"செயின்ல எண்ணெய் இல்லம்மா."

நேற்று சாயங்காலம்தான் எண்ணெய் போட்டது. அடுத்து ஒருவர் கேட்டபோது எதிர்க்காற்று என்றார். கேட்டவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார், கைக்குட்டை துளி அசையவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

முன்னால் மனைவி திடீரென்று சைக்கிளை ஓரங்கட்டி நின்றாள். விழுந்துவிட்டாளோ என்று ஒரு நொடி பதறினார். உண்மையைச் சொன்னால், பதறியதில் ஒரு ஓரமாகச் சின்னச் சந்தோஷமும் இருந்தது. விழவில்லை. வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வந்து சேர்ந்ததும், "என்னங்க, இதெல்லாம் இங்கயா இருந்துச்சு?" என்றாள். முகம் அப்படியே மலர்ந்திருந்தது.

"ஒவ்வொரு தடவையும் சொல்வேனே! சூரியகாந்தி பாருன்னு."

"சொன்னீங்க. நானும் பாப்பேன். தலைய ஒரு பக்கம் நீட்டிப் பாத்தா சைக்கிள் ஆடுது, 'ஆட்டாத'ம்பீங்க. திரும்ப உங்க முதுகுக்கு வந்துடுவேன்."

சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். அவளைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே மிதித்தார். நேராக உட்கார்ந்திருந்தாள். தோள் ஆடவில்லை, இடுப்பு ஆடவில்லை, கால் மட்டும் ஒரே சீராகச் சுற்றியது. எந்நேரமும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாளே, அந்த உட்காரல்தான். இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவளைப் பின்னாலிருந்து இவ்வளவு நேரம் அவர் பார்த்ததே இல்லை. அழகாகத்தான் இருந்தாள். அதுவும் சேர்ந்து எரிந்தது. அந்தப் பக்கத்தில் போகிற ஆளும் பார்க்கிறானே!

நாக்குத்தள்ளி போகும்போது இறக்கம். இறக்கம் வந்ததும் நீளச் சைக்கிள் தன் கனத்தில் ஓட ஆரம்பித்தது. எஞ்சின் மணியை அடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்டினார். மனைவியைத் தாண்டினார், மாஸ்டரைத் தாண்டினார். "எப்பிடி!" என்று கத்தினார். அந்த நேரம் பார்த்து ஒரு ஆடு குறுக்கே ஓட, எஞ்சின் தப்பித்துவிட்டார், பின்னால் வந்த மாஸ்டர் பிரேக்கைப் பிடித்துச் சறுக்கிக் கல்லில் ஏறினார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டயர் பக்கவாட்டில் கிழிந்து தொங்கியது.

எஞ்சினுக்கு அந்த ஆட்டை வீட்டுக்குக் கூட்டிப் போய் வளர்க்கலாம் போல் இருந்தது.

ஏரிக்கரை டீக்கடையில் எல்லாரும் டயரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். ஒட்டினால் நிற்காது. சைக்கிளைக் கடையிலேயே விட்டுவிட்டு நாளைக்கு வண்டி வைத்து எடுத்துக்கொள்ளலாம். மாஸ்டர் எப்படித் திரும்புவது? மருந்துக்கடைக்காரர் சுலபமாக வழி சொன்னார். "இதுல என்ன யோசனை? அக்கா எப்பவும்போல அண்ணன் பின்னால ஏறிக்கட்டும். மாஸ்டர் அவர் பொண்ணு சைக்கிள்ல வரட்டும்."

எஞ்சினுக்குக் கையிலிருந்த சர்க்கரை போடாத டீகூட இனித்தது. அவர் கேட்கவில்லை, கெஞ்சவில்லை, தானாக வந்து மடியில் விழுந்தது. பின் சீட்டைக் கையால் தட்டினார். "வா, ஏறு."

மனைவி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் சுருங்கிப்போயிருந்தது. காலையில் வயலைப் பார்த்து மலர்ந்த முகமா அது என்று இருந்தது. ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"இன்னிக்கு நான் பின்னால ஏற மாட்டேன். மாஸ்டருக்கு வேற வழி பாருங்க. இல்லேன்னா நான் தள்ளிட்டு நடந்தே வர்றேன். பின்னால மட்டும் ஏற மாட்டேன்."

எஞ்சினுக்குக் காது மடலெல்லாம் சூடு. நாலு பேர் முன்னால் பெண்டாட்டி வர மாட்டேன் என்கிறாள்! மாஸ்டர்தான் அவசரமாகச் சொன்னார். "சரிதானே, தங்கச்சிக்கு இன்னிக்கு அவங்க நாள். நான் அண்ணன் பின்னால வர்றேன். எஞ்சின் வண்டில போகணும்னு எனக்கும் ரொம்ப நாள் ஆசை."

"ஏறுங்க மாஸ்டர்" என்றார் எஞ்சின். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் சிரித்த மாதிரி தெரிந்தது. ஏறட்டும். என் முதுகைப் பார்த்துக்கொண்டே வரட்டும். நாக்குத்தள்ளியில் இந்த வெல்டர் யார் என்று அந்த ஆளுக்குக் காட்டவில்லையென்றால் பட்டறையையே மூடிவிடுகிறேன்.

மேடு வந்தது. மனைவி முன்னாலேயே போய் ஏற ஆரம்பித்திருந்தாள். எஞ்சின் எப்போதும் செய்வதைச் செய்தார். அடிவாரத்திலிருந்து வேகமாக மிதித்துவந்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, தோளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, "ஏறுது பாரு! ஏறுது பாரு!" என்று குரல் கொடுத்தார். இந்தக் குரலுக்குத்தான் நாக்குத்தள்ளி பயப்படும். ரோட்டோரம் ஒரு பட்டமரம் உண்டு. அதைத் தாண்டியதும் மிதி லேசாகிவிடும், சைக்கிள் தானாக ஏறும். அதுதான் அவருடைய பலம் வந்து இறங்குகிற இடம் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

பட்டமரம் வந்தது. பலம் வரவில்லை. சைக்கிள் இரண்டு முழம் ஏறியது, ஆடியது, நின்றது. எஞ்சின் ஒரு பக்கம் குதித்தார். மாஸ்டர் இன்னொரு பக்கம் சரிந்தார்.

"மாஸ்டர், நீங்க மிதிக்கவே இல்ல!"

மாஸ்டர் சாலையோரம் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். "நான் மிதிக்கலயா? தொடை ரெண்டும் கழண்டு விழற மாதிரி இருக்குண்ணே! நீங்கதான் காலை நிறுத்திட்டீங்க."

"நான் நிறுத்தினேனா?"

"பின்னால இருந்தா உங்க குதிகால் தெரியாதா? பட்டமரம் வந்ததும் மிதி மேல கால வச்சுட்டு, தோளைத்தானே ஆட்டிட்டு வந்தீங்க. வழக்கமா நிறுத்தற இடம்தான்."

சொல்லி முடித்ததும் மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"வழக்கமான்னா?"

மாஸ்டர் புல்லைப் பிடுங்கினார்.

"வழக்கமான்னா என்ன மாஸ்டர்? வேற யாருக்குத் தெரியும்?"

"பின்னால வர்ற எல்லாருக்கும் தெரியும்ணே. கண்ணு முன்னாலதானே நடக்குது. உங்க கால் ஓஞ்சிருக்கும், தங்கச்சி கால் ஒரே மாதிரி சுத்திட்டே இருக்கும். முதல் தடவையே பாத்துட்டோம். மேல வந்து சேர்ந்ததும் நான் உங்ககிட்ட வேடிக்கையாச் சொல்லலாம்னுதான் வந்தேன். தங்கச்சிதான் தடுத்துட்டாங்க."

"என்ன சொன்னா?"

"'மேல போய்ச் சேர்ந்ததும் அவர் மூஞ்சியப் பாத்தீங்களா? அதுக்காகத்தான் மிதிக்கறேன். யாரும் வாயத் திறந்துடாதீங்க'ன்னாங்க."

எஞ்சின் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். வெட்கம் வந்தது, அது அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமையேதான், அதுவும் காலையில் வந்ததைவிட இரண்டு பங்கு. அவள் மனதில் கிடந்த இந்தப் பேச்சை எந்தக் காது கேட்டிருக்க வேண்டும்? என் காதா, இந்த ஆள் காதா? ஊரே அவள் காலைப் பார்த்திருக்கிறது. மருந்துக்கடைக்காரன் பார்த்தான், நர்ஸம்மா பார்த்தார், போகிற வருகிற ஆடு மாடு பார்த்தது. கட்டினவன் ஒருத்தன் மட்டும் பார்க்கவில்லை. டீக்கடை டீக்கடையாக, "பின்னால இருக்கறவ மிதிக்கறாளா பாருங்கப்பா" என்று கேட்டுக்கொண்டு திரிந்தான். அவர்கள் அத்தனை பேரும் எதற்குச் சிரித்தார்கள் என்று இப்போது தெரிந்தது. அவனவன் முதுகு அவனவனுக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். அந்த மேடு எவ்வளவு நீளம் என்று எஞ்சினுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பட்டமரத்துக்கு அப்புறம் வருகிற வளைவு இவ்வளவு செங்குத்து என்பதே அவருக்குப் புதிது. இந்த வளைவைத் தாண்டி, அவருடைய தொப்பையையும் பேச்சையும் சேர்த்து அவள் ஒருத்தி ஏற்றியிருக்கிறாள், மாதா மாதம்.

உச்சியில் எல்லாரும் காத்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஆறுதலாக, "யானைக்கும் அடி சறுக்கும்ணே" என்றார். எஞ்சின் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருந்ததைப் பார்த்ததும் மனைவிக்குப் புரிந்துவிட்டது. மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் வானத்தைப் பார்த்தார்.

"தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள்.

"வேணாம்." பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். "மாஸ்டர், உங்க பொண்ணு சைக்கிள நீங்க எடுத்துக்குங்க."

அவள் முகம் மறுபடியும் சுருங்கியது. "பின்னால ஏற மாட்டேன்னு சொன்னேனேங்க. கோவம்னா வீட்டுல போய்த் திட்டுங்க. எனக்கு இந்த ரோடு இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."

எஞ்சின் குனிந்து முன் சீட்டின் போல்ட்டைத் தளர்த்தினார். சீட்டைக் கீழே இறக்கினார். அவள் உயரத்துக்குச் சரியா என்று அவளை ஒரு தடவை பார்த்து, இன்னும் கொஞ்சம் இறக்கி முடுக்கினார்.

"பின்னால ஏறச் சொல்லி யாரு சொன்னா? முன்னால ஏறு."

அவள் அசையவில்லை. "பிரேக்கு முன்னாலதானே இருக்கு?"

"ஆமா."

"மணி?"

"அதுவும்தான். ஏறு, எல்லாரும் பாக்கறாங்க."

"எல்லாரும் எப்பவும்தான் பாத்தாங்க" என்றாள் மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி. அந்த ஒரு பேச்சாவது தன் காதுக்கு வந்ததே என்று இருந்தது அவருக்கு.

ஏறினார்கள். சைக்கிள் கொஞ்சம் ஆடியது. "ஆட்டாதீங்க" என்றாள். பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. எஞ்சின் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைத் தவிர வேறொன்றும் இல்லை. பிரேக்கைத் தேடி விரல் இரண்டு தடவை காற்றைப் பிடித்தது. எதிரே அவள் முதுகு, அவளே தைத்த சட்டை, தோளில் போன நேர்த் தையல், நடுவில் வியர்வை. அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை. தலையை ஒரு பக்கம் நீட்டினார், சைக்கிள் ஆடியது, திரும்பவும் அவள் முதுகுக்கே வந்துவிட்டார்.

"அய்யோ, எவ்வளவு கொக்கு!" என்றாள்.

"எங்க?"

"போச்சு, பறந்துடுச்சு."

அந்தக் கொக்குகள் மேல்கூட அவருக்குப் பொறாமையாக இருந்தது. வளைவு வந்தது, அவள் உடம்பைச் சாய்த்தாள், இவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார். குழியில் இறங்கியது, இவருக்கு முதலிலேயே தெரியவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டார். இத்தனை குழிகளை இவளுக்குச் சொல்லாமலே நான் இறக்கியிருக்கிறேனா? "குழி வந்தா சொல்லுடி" என்றார்.

"சொல்றேன். நீங்களும் சொல்லியிருக்கலாம்."

ஊர் எல்லைக்கு முன்னால் பாலத்துக்காக ஒரு சின்ன ஏற்றம். அவள் மணியை அடித்துக்கொண்டு, எழுந்து நிற்காமல், பேசாமல், அதே சீராக ஏற்றினாள். மிதி லேசாகிக்கொண்டே வந்தது. காற்று முகத்தில் படாமல் அவள் முதுகு மறைத்துக்கொண்டிருந்தது. சுகமாக இருந்தது. பறந்துபோன கொக்குகளைப் பற்றி என்னவோ சொல்ல எஞ்சின் வாயைத் திறந்தார்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மிதிங்க" என்றாள்.